டீக்கடை, கூரியர், மருந்துக்கடை: எந்த ஃபிரான்சைஸ் யாருக்கு ஒத்துவரும்?

ஃபிரான்சைஸ் (ஒரு கம்பெனியின் பெயரில், அதன் முறைப்படி கடை நடத்தும் உரிமை) எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "எதில் லாபம் அதிகம்?" என்றுதான். எந்தக் கடை தன் சுபாவத்துக்குச் சரிப்படும் என்று யோசிப்பவர் குறைவு. மூன்று வகைக் கடைகளும் மூன்று விதமான ஆளைக் கேட்கின்றன.

முதலில் ஒரு முரண். சொந்த டீக்கடையில் கொடிகட்டிப் பறந்தவர், பெரிய பெயரின் கீழ் கடை போட்டதும் திணறுவதுண்டு. இஞ்சியைக் கொஞ்சம் கூட்டுவார், நாலு பேர் கேட்டால் சமோசா வைப்பார், பால் விலை ஏறிய அன்றே டீக்கு 2 ரூபாய் ஏற்றுவார். அவரை வளர்த்ததே இந்தச் சமயோசிதம்தான். ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தில் இவை மூன்றுமே பெரும்பாலும் விதிமீறல். அடுத்தவர் வகுத்த முறையை முகம் சுளிக்காமல் தினமும் செய்யத் தெரிந்தவருக்கு, புதுசு புதுசாக யோசிப்பவரைவிட இங்கே வேலை எளிது.

டீக்கடை

இங்கே தேவை அளவில் பிடிவாதம். ஒரு டீக்கு 70 மில்லி பால் என்று கம்பெனி சொல்லியிருக்க, மாஸ்டர் கைவாக்கில் 80 ஊற்றுகிறார் என்று வையுங்கள். நாளுக்கு 250 டீ என்றால் 2.5 லிட்டர் பால் கூடுதல். லிட்டர் 50 ரூபாய் என்றால் தினம் 125, மாதம் 3,750. கண்ணுக்குத் தெரியாமல் போகும் காசு இது. கடை மூடும்போது மீந்த பால், உபயோகித்த கப், பில் எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிட்டால் அன்றைக்கே பிடிபடும். கப் 260, பில் 250 என்றால் பத்து கப் எங்கே போனது என்று மறுநாள் காலைக்குள் கேட்டாக வேண்டும்.

அடுத்தது, ராயல்ட்டி கணக்கு, அதாவது பெயரைப் பயன்படுத்தக் கம்பெனிக்குக் கட்டும் பங்கு. அது பெரும்பாலும் லாபத்தில் அல்ல, விற்பனையில் கணக்கிடப்படும். மாத விற்பனை 2,40,000, ராயல்ட்டி 5 சதவீதம் என்றால் 12,000. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,160. 5 சதவீத வரியில் நடக்கும் உணவுக்கடைக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியை, விற்பனையில் கட்டும் வரியில் கழிப்பது) கிடையாது. அந்த 2,160-ம் கைக்காசுதான். வாடகை, சம்பளம் போக 30,000 நிற்கும் கடையில் ஏறக்குறைய பாதி இப்படிப் போய்விடும். கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கைத் தானே எழுதிப் பார்க்கச் சோம்பல்படுகிறவர் இந்தத் தொழிலுக்கு வேண்டாம்.

மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் அடுப்பு முன் நிற்கவும் தெரிய வேண்டும். காலை 5 மணிக்கு மாற்று ஆள் கிடைக்க மாட்டார்.

கூரியர்

சமையல் தொல்லை இல்லை. இங்கே தேவை வேறு: டெலிவரி பையன்களைச் சண்டையில்லாமல் வைத்திருக்கும் பேச்சும், அன்றைய ரொக்கத்தை அன்றே முடிக்கும் பழக்கமும். சி.ஓ.டி. பணம், அதாவது பொருளை வாங்கும்போது வாடிக்கையாளர் தரும் ரொக்கம், 25,000 கையில் வந்தால் அது உங்கள் பணம் இல்லை. "நாளைக்குக் கட்டிக்கலாம்" என்று வாடகைக்குத் திருப்பியவர்கள்தான் இதில் முதலில் மாட்டுகிறார்கள்.

புக்கிங்கில் கவனம் தவறும் இடம், அளவு எடை, அதாவது பெட்டியின் அளவை வைத்துப் போடும் எடை. 30 செ.மீ. நீளம், அகலம், உயரம் உள்ள பெட்டி தராசில் 2 கிலோதான் காட்டும். பெருக்கினால் 27,000, பெரும்பாலான கூரியர் கம்பெனிகள் வைத்திருக்கும் 5,000-ஆல் வகுத்தால் 5.4 கிலோ. கவுண்டரில் 2 கிலோவுக்குப் பணம் வாங்கிவிட்டால், ஹப்பில் (பார்சல்களைப் பிரித்து அனுப்பும் மையம்) மறுபடி அளக்கும்போது மிச்சம் 3.4 கிலோவின் கட்டணம் உங்கள் தலையில் விழும். அளவு டேப் மேசை மேலேயே இருக்கட்டும்.

மருந்துக்கடை

பொறுமைசாலிக்கான கடை. சில்லறை மருந்துக்கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடமும், பதிவு பெற்ற மருந்தாளுநரும் கட்டாயம். அவர் விலகினால் கடையே நின்றுபோகும் என்பதால் அவரைத் தக்கவைப்பதே முதல் திறமை. டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்கும் தெரிந்தவரிடம் "தர முடியாதுண்ணே" என்று சொல்லும் உறுதி இரண்டாவது. எச்1 பட்டியல் மருந்துகளை (டாக்டர் சீட்டுக்கு மட்டுமே தரவேண்டிய, கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகள்) தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

காசு போகும் வழி காலாவதி. விற்பனை விலையில் 20 சதவீதம் லாபம் தரும் 100 ரூபாய் மாத்திரை அட்டை ஒன்று வீணானால், அதை வாங்கிய 80 ரூபாயை மீட்க இன்னும் நான்கு அட்டை விற்க வேண்டும். முதலில் காலாவதியாவதை முன்வரிசையில் வைப்பது, மாதம் ஒருமுறை அலமாரி அலமாரியாகத் தேதி பார்ப்பது, விநியோகஸ்தர் திருப்பி எடுக்கும் கெடுவுக்குள் அனுப்புவது: சலிப்பான வேலை, ஆனால் லாபம் இதில்தான் நிற்கிறது. கம்பெனி மென்பொருள் தானாகப் போடும் ஆர்டரைப் பார்த்துக் குறைக்கத் தெரியாதவர்களிடம் சரக்கு தேங்கும்.

நேரமே இல்லாதவர்களுக்கு, பணம் மட்டும் உங்களுடையது, நடத்துவது கம்பெனி என்ற ஏற்பாடும் இருக்கிறது. அதற்கு மாதக் கணக்கை வரிவரியாகப் படிக்கத் தெரிந்தால் போதும். படிக்காதவருக்கு அது வெறும் நம்பிக்கை.

எதை எடுத்தாலும் கேள்வி கேட்கும் துணிவு வேண்டும். அமெரிக்காவில் கையெழுத்துக்கு 14 நாள் முன்பே கம்பெனி தன் கட்டணம், கடைகள் பற்றிய விவர ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை, விவரம் கேட்டால்தான் வரும். எத்தனை கடை மூடியிருக்கிறார்கள், எந்த ஊரில், என்று கேளுங்கள். பிறகு மூடிய கடை இருந்த தெருவுக்கே போய், பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் ஒரு சோடா வாங்கிக்கொண்டு விசாரியுங்கள்.