பழைய மரத்தரையா, புதிய லேமினேட்டா? வாடகைதாரரின் கோணத்தில் ஓர் அலசல்

சிற்றூரில் மரத்தரை போட்ட அடுக்குமாடி வீட்டை வாடகைக்குத் தேடுபவருக்குப் பெரும்பாலும் இரண்டு வகை வீடுகள்தான் கண்ணில் படும். ஒன்று, பல ஆண்டுகளுக்கு முன்பு கட்டப்பட்டு, திண்மரப் பலகைகள் பதிக்கப்பட்ட வீடு. மற்றொன்று, அண்மையில் புதுப்பிக்கப்பட்டு, மரம் போலவே தோன்றும் லேமினேட் போடப்பட்ட வீடு. விளம்பரத்தில் இரண்டுக்கும் 'மரத்தரை' என்ற ஒரே சொல்தான். ஆனால் வீட்டைக் காலி செய்யும் நாளில், முன்பணத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பதை அந்த வேறுபாடே தீர்மானிக்கக்கூடும்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. லேமினேட் என்பது மரநாரை அழுத்திச் செய்த பலகையின் மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாளை ஒட்டி, அதற்கு மேல் கடினமான மெலமைன் படலம் ஏற்றியது. எனவே சற்றுக் குனிந்து பார்த்தால், ஒரே கணுவும் ஒரே ரேகையும் சில பலகைகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும். திண்மரப் பலகையோ பொதுவாக 19 மில்லிமீட்டர் கனத்துக்கு முழுவதும் மரமாகவே இருக்கும். நிலைப்படியை ஒட்டிய விளிம்பில் அதைக் காணலாம். ஒட்டுப்பலகையின் மேல் சில மில்லிமீட்டர் உண்மையான மரத்தை ஒட்டிய இடைப்பட்ட வகையும் உண்டு; அன்றாடப் பராமரிப்பில் அதைத் திண்மரமாகவே கருதலாம்.

கீறலைத் தாங்குவதில் லேமினேட்டுக்கே முதலிடம். நாற்காலியை இழுத்தால் ஓக் மரத்தரையில் கோடு விழும். பைன் மரமாக இருந்தால் பள்ளமே விழும். ஆனால் திண்மரத்தை உப்புத்தாள் இயந்திரத்தால் தேய்த்துப் புதிய பூச்சு கொடுக்கலாம், அதுவும் பலமுறை. லேமினேட்டில் அச்சுப்படலம் தேய்ந்துவிட்டால் பலகையையே மாற்ற வேண்டும். அதே அச்சில் பலகை இப்போது கிடைக்காவிட்டால், ஒரு பலகையின் சேதம் அறை முழுவதற்குமான செலவாகிவிடும்.

தண்ணீர்தான் உண்மையான சோதனை. நான் முன்பு குடியிருந்த லேமினேட் வீட்டில், சமையலறைத் தொட்டியின் அடியில் ஓர் இரவு முழுவதும் கசிந்த நீரால் இரண்டு பலகைகளின் இணைப்பு நகக்கனத்துக்கு உப்பிவிட்டது. ஈரம் காய்ந்த பின்னும் அது அமரவில்லை. திண்மரமும் நீரைக் கண்டால் விளிம்பு உயர்ந்து கிண்ணம் போல் வளையும், ஆனால் மெல்ல உலரவிட்டால் பெருமளவு சமநிலைக்குத் திரும்புவதுண்டு. வறண்ட மாதங்களில் பலகைகளுக்கிடையே தோன்றும் மெல்லிய இடைவெளியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மரம் அகலவாக்கில்தான் சுருங்கி விரியும், ஈரப்பதம் ஏறினால் இடைவெளி தானே மூடிக்கொள்ளும்.

ஓசையில் இரண்டுமே குறையுடையவை. பழைய தரை கிறீச்சிடும். மெல்லிய நுரைப்படுகையின் மேல் மிதக்கும் லேமினேட்டில் காலடி டக் டக்கென்று கேட்கும். கீழ்வீட்டில் உரிமையாளரே வசிப்பது சிற்றூர்களில் புதிதல்ல என்பதால், கம்பளம் விரிப்பது நல்லது. ஆனால் ரப்பர் அடிப்பாகம் உள்ள விரிப்பு வேண்டாம், அது பூச்சில் கறை படியச் செய்யும்.

என் தேர்வு சற்று விசித்திரமாகத் தோன்றலாம்: ஏற்கெனவே நன்கு உழைத்துத் தேய்ந்த திண்மரத் தரை. புதிதாகப் பளபளக்கும் திண்மரத்தைவிட அதுவே வாடகைதாரருக்குப் பாதுகாப்பானது. பளபளப்பில் விழும் முதல் கீறல் உங்கள் பெயரில்தான் எழுதப்படும். பழைய தரையில் நூறோடு நூற்றொன்றாகிவிடும், அந்த நூறையும் குடியேறும் முன்பே படமெடுத்து ஒப்பந்தத்துடன் இணைத்திருந்தால். ஆனால் தேய்மானம் பூச்சைத் தாண்டி மரத்தைத் தொட்டிருக்கக் கூடாது. அனுமதி பெற்று, நடமாட்டம் மிகுந்த இடத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுச் சில நிமிடம் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு உயிரோடிருக்கிறது. உறிஞ்சப்பட்டு அந்த இடம் கருத்தால், புதிய பூச்சு கொடுத்த பிறகே குடிவருவதாகச் சொல்லிவிடுங்கள். அந்த வேலைக்கு அறையைக் காலி செய்தாக வேண்டும், பூச்சு இறுகவும் சில நாள்கள் பிடிக்கும். சாமான்களை இறக்கிவிட்ட பின் அதை யாரும் செய்து தரப்போவதில்லை.