பழைய ஃபியூஸ் கட்டையை எடுத்து டிபி பாக்ஸ் வைத்தோம்: கிருஷ்ணகிரியில் எங்கள் அனுபவம்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கும் எங்கள் வீடு 1987-இல் மாமனார் கட்டியது. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம்கூட இல்லை, 2004 வரைக்கும் தர்மபுரியோடுதான் இருந்தது. போன மாதம் வரை வாசல் பக்கச் சுவரில் ஒரு மரப்பலகை, அதில் ஐந்து பீங்கான் ஃபியூஸ் கட்டை, பக்கத்தில் கைப்பிடி வைத்த இரும்பு மெயின் சுவிட்ச், அவ்வளவுதான் மொத்த வீட்டுக்கும் காவல். அதை எடுத்துவிட்டு எம்சிபி (லோடு மீறினால் தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அதேபோல் விழும் சுவிட்ச்) எல்லாம் வைத்த டிபி பாக்ஸ், அதாவது ஒவ்வொரு லைனுக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, மாட்டியிருக்கிறோம். வேலை செய்தவர் ரவுண்டானா பக்கம் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் சொல்லி வரவழைத்த எலக்ட்ரீஷியன். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எல்லாம் ஃபிரிட்ஜில் ஆரம்பித்தது. "தொட்டா சுருக்குனு இழுக்குதும்மா" என்று அத்தை இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். இவருக்கு முன்னால் வந்து பார்த்த வேறொரு ஆள் "செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுங்க" என்று சொன்னதோடு, ஏசி போட்டால் அடிக்கடி போகிற ஃபியூஸில் செம்புக் கம்பியை மூன்று மடிப்பாக முறுக்கிக் கட்டிவிட்டு 200 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் ஃபியூஸ் போகவே இல்லை, நானும் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஃபியூஸ் கம்பி உருகினால்தான் சுவருக்குள் இருக்கிற வயர் பிழைக்கும், அது உருகாதபடி செய்துவிட்டால் அடுத்து உருகப்போவது வயர்தான் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

புதிதாக வந்தவர் முதலில் போர்டையே தொடவில்லை. "அக்கா, எர்த் எங்க போகுது?" என்றுதான் கேட்டார். எர்த் என்றால் கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பி, அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. மெயின் பக்கத்திலிருந்து சுவரோரமாகப் போகிற கம்பியைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் வரை போனார். அது பாத்ரூம் சுவரில் ஒரு இரும்புப் பைப் துண்டில் போய் முடிந்திருந்தது. அந்தக் காலத்தில் தண்ணீர்க் குழாயிலேயே எர்த் கொடுத்துவிடுவார்களாம், குழாய் இரும்பு, அது மண்ணுக்குள் போகும், அதனால் வேலை செய்யும். நாங்கள் 2016-இல் பாத்ரூமைப் புதுப்பித்தபோது மண்ணுக்குள் இருந்த லைன் எல்லாவற்றையும் பிவிசியாக மாற்றிவிட்டோம். "அப்பவே உங்க வீட்டு எர்த் போயிடுச்சுக்கா" என்றார். இத்தனை வருடமாக பிளக்கின் மூன்றாவது பின் எங்கேயும் போகாத ஒரு கம்பியில் மாட்டியிருந்திருக்கிறது. குழந்தைகள் ஈரக்கையோடு அந்த ஃபிரிட்ஜைத் திறந்ததெல்லாம் நினைவுக்கு வந்து அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பலகையைக் கழற்றியபோது பின்னால் இருந்ததைக் காட்டினார். பழைய அலுமினிய வயர். ஏசி லைன் முனையில் மேல்தோல் கருகி, விரலால் தொட்டதும் கரித்தூளாக உதிர்ந்தது. ஏசியும் வெந்நீர் ஹீட்டரும் ஒரே ஃபியூஸில் ஓடியிருக்கின்றன. இன்னொன்று, நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப் போகிற கம்பி) தனியாக ஒரு ஃபியூஸ் வைத்திருந்தார்கள். அது மட்டும் போனால் லைட் எரியாது, ஆனால் பேஸ் (கரண்ட் வருகிற கம்பி) உயிரோடு இருக்கும், கரண்ட் இல்லை என்று நினைத்துக் கையை வைப்பவர் கதி அவ்வளவுதான்.

வேலைக்கு முன்னால் மின்வாரிய செக்‌ஷன் ஆபீஸில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். மீட்டரும் சீலும் வாரியத்துடையது, அதில் நான் கை வைக்கமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். லைன்மேன் வந்து சப்ளையை எடுத்துக் கொடுத்த பிறகுதான் ஆரம்பித்தார்.

புது எர்த்துக்குக் குழி தோண்டியதுதான் பெரிய பாடு. நம்ம ஊர் மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கிரானைட் வெட்டி லாரியில் ஏற்றுகிற ஊர். எட்டடி தோண்டலாம் என்று ஆரம்பித்து நாலரை அடியிலேயே பாறை. இதற்கு மேல் முடியாது என்று மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கலாம், எங்களுக்கு என்ன தெரியும்? அவர் எர்த் டெஸ்டர் வைத்துப் பார்த்தார், 11 ஓம் காட்டியது, இது குறையக் குறையத்தான் எர்த் நல்லது. பத்தடி தள்ளி இன்னொரு குழி தோண்டி, இரண்டையும் கம்பியால் இணைத்து மறுபடி பார்த்தபோது 5.8. வெயில் காலத்தில் வாரம் ஒரு தடவை இரண்டு குழிக்கும் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார்.

செலவு: பாக்ஸ் 2,100, ஆர்சிசிபி 2,300, ஐசோலேட்டர் (மெயின் சுவிட்ச்) 550, எம்சிபி ஒன்பது 1,710, ஏசிக்கு 4 ஸ்கொயரும் (சதுர மில்லிமீட்டர், வயரின் தடிமன்) ஹீட்டருக்கும் பவர் பாயின்டுகளுக்கும் 2.5 ஸ்கொயரும் செம்பு வயர் 4,800, எர்த் இரண்டுக்கும் சேர்த்து 4,500, கூலி 6,500. மொத்தம் 22,460. எல்லாம் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்துத்தான் வாங்கினார், கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

எம்சிபி இருக்கும்போது ஆர்சிசிபி எதற்கு என்று நான்தான் பேரம் பேசினேன். 16 ஆம்பியர் எம்சிபி வயரைத்தான் காப்பாற்றும், மனிதரைக் கொல்ல அதில் ஒரு துளி கரண்ட் போதும் என்றார். ஆர்சிசிபி, போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், 30 மில்லிஆம்பியர் குறைந்தால்கூட விழுந்துவிடும்.

நிஜமாகவே விழுந்தது. மாட்டிய அன்று சாயங்காலம் மூன்று தடவை. என் கணவரோ ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். எலக்ட்ரீஷியன் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் ஒவ்வொரு லைனாக இறக்கி ஏற்றிப் பார்த்ததில் இரண்டு தப்பு கிடைத்தது. ஹீட்டர் காயிலில் உப்பு கட்டி உள்ளே வெடித்திருந்தது, நம்ம போர் தண்ணீருக்கு அது சகஜம். அப்புறம் இன்வெர்ட்டர் போட்டபோது யாரோ அதன் நியூட்ரலை வேறு லைன் நியூட்ரலோடு முறுக்கிவிட்டிருந்தார்கள். அந்த அரைநாளுக்குக் கூலி கேட்கவில்லை, நானாகத்தான் 500 கொடுத்தேன். அதன் பிறகு இதுவரை சும்மா விழுந்ததில்லை.

குறையும் இருக்கிறது. இரண்டு நாள் என்றது நான்கு நாள் ஆனது, நடுவில் ஒரு நாள் போனே எடுக்கவில்லை, வீட்டில் வயசானவர் ஃபேன் இல்லாமல் கிடந்தார். சுவர் உடைத்த இடத்தை சிமென்ட் வைத்து அப்பியதோடு சரி, பட்டி பார்க்க வேறு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. எந்த எம்சிபி எந்த அறைக்கு என்றும் எழுதித் தரவில்லை, நானே ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினேன். கூலிக்கு ரசீது இல்லை. கூப்பிடுபவர்கள் இதையெல்லாம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், கேட்டால் கோபப்படுகிற ஆள் இல்லை.

மாடியில் இன்னும் அலுமினிய வயர்தான். அதையும் இவரிடமே கொடுத்திருக்கிறோம், ஆடி முடிந்ததும் வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை மாடி ஏசி எம்சிபியை இறக்கியே வைக்கச் சொன்னார், இறக்கியே வைத்திருக்கிறோம்.