ஸ்பேம் லிங்க்கைப் பிடிக்கும் 3 இலவசப் பட்டியல்கள்: டிபிஎல், எஸ்யுஆர்பிஎல், யுஆர்ஐபிஎல்

சொந்தமாக மெயில் சர்வர் நடத்துபவர்களுக்கான ரிவ்யூ இது. மூன்றுமே ஸ்பேம் மெயில்களின் லிங்க்கில் வரும் டொமைன்களின் பட்டியல்கள். ஒரு சிறிய அலுவலக சர்வரில் ஸ்பேம்அசாசின் என்ற இலவச வடிகட்டியோடு இந்த மூன்றையும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், யார் சொன்னாலும் எடுக்கமாட்டேன்.

ஸ்பேம் விடுகிறவன் ஐபியை நினைத்தபோது மாற்றுவான், அனுப்புநர் பெயரைப் பொய்யாகப் போடுவான், வாசகத்தைப் புரட்டிப் புரட்டி எழுதுவான், ஆனால் கடைசியில் நம்மைத் தன் கடைக்கோ போலி வங்கிப் பக்கத்துக்கோ வரவைத்தால்தான் அவனுக்குக் காசு, அதற்கு மெயிலில் ஒரு லிங்க் இருந்தே ஆக வேண்டும். இந்தப் பட்டியல்கள் கை வைப்பது அங்கேதான். வடிகட்டி மெயிலுக்குள் இருக்கும் டொமைனை மட்டும் உருவி, பின்னால் பட்டியலின் பெயரை ஒட்டி, ஒரு டிஎன்எஸ் கேள்வி (டொமைன் பெயருக்கு ஐபி கேட்கும் அதே வழி) கேட்கும், அவ்வளவுதான். மெயிலின் உள்ளடக்கம் வெளியே போவதில்லை, லிங்க்கைத் திறப்பதும் இல்லை. பதில் ஐபி வடிவில் ஒரு குறியாக வரும்: ஸ்பாம்ஹவுஸ் என்ற ஸ்பேம் எதிர்ப்பு அமைப்பின் டிபிஎல்லில் இருந்து 127.0.1.2 வந்தால் ஸ்பேம், 127.0.1.4 என்றால் ஃபிஷிங், 127.0.1.5 என்றால் மால்வேர்.

மூன்றில் என் முதல் ஓட்டு டிபிஎல்லுக்கு. ஸ்பேம்அசாசினே அதன் ஸ்பேம் பதிலுக்கு 2.5 மதிப்பெண் தருகிறது, யுஆர்ஐபிஎல்லின் கறுப்புப் பட்டியலுக்கு 1.7. ஸ்பேம் என்று முத்திரை விழ 5 வேண்டும், அதனால் ஒரே பட்டியல் மட்டும் சொல்லி நல்ல மெயில் மாட்டாது. சிலர் ஒரு பட்டியலின் மதிப்பெண்ணையே 5 ஆக ஏற்றி வைக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். யாரோ ஹேக் செய்துவிட்ட நல்ல தளங்களும் பட்டியலில் வரும், எஸ்யுஆர்பிஎல் அதற்குத் தனிக் குறியே வைத்திருக்கிறது.

அப்புறம், "போட்டுப் பார்த்தேன், ஒன்றும் பிடிக்கவில்லை" என்பவர்களுக்கு: முதலில் உங்கள் ரிசால்வரைப் பாருங்கள், அதாவது டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தேடித் தரும் சர்வரை. கூகுளின் 8.8.8.8 மாதிரி பொது ரிசால்வர் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் பதில் தராது, 127.255.255.254 என்று பிழைக்குறிதான் வரும். 127-இல் தொடங்கும் எதையும் 'பட்டியலில் உண்டு' என்று எடுத்துக்கொள்ளும் பழைய ஸ்கிரிப்ட் இருந்தால் இன்னும் மோசம், லிங்க் உள்ள நல்ல மெயில் எல்லாம் திரும்பிப் போகும். அதே சர்வரில் அன்பவுண்ட் என்ற ரிசால்வர் மென்பொருளைப் போட்டு, வேறு யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாமல் அதுவே நேரடியாகக் கேட்கும்படி வையுங்கள். பிறகு டிபிஎல்டெஸ்ட்.காம் என்ற சோதனை டொமைனைக் கேட்டுப் பாருங்கள், 127.0.1.2 வந்தால் சரி. சிறிய சர்வருக்கு இலவச அளவே தாராளம். ஸ்பேம் வடிகட்டுவதையே விற்பவர்களும் பெரிய அளவில் கேட்பவர்களும் காசு கட்ட வேண்டும், அது நியாயம்தான்.

கோட்டை விடும் இடங்களும் உண்டு. கூகுள் ஃபார்ம்ஸ் லிங்க்கோடு வரும் மோசடி மெயிலை இவை பிடிக்காது, கூகுளின் டொமைனைப் பட்டியலில் போட முடியுமா என்ன? சுருக்கிய லிங்க்குகளை விரித்துப் பார்க்க 2022 டிசம்பரில் வந்த ஸ்பேம்அசாசின் 4.0-இல் ஒரு ப்ளக்இன் இருக்கிறது, அதை நாமே இயக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பதிவு செய்த டொமைன் இன்னும் பட்டியல் ஏறியிருக்காது. அதற்குக் கூடவே கிரேலிஸ்டிங் போடுங்கள், அதாவது முதல் முறை வரும் மெயிலை 'பிறகு வா' என்று தற்காலிகமாகத் திருப்பிவிடுவது, தெரியாத சர்வரிலிருந்து வருவது சில நிமிடம் கழித்துத் திரும்ப வருவதற்குள் பல டொமைன்கள் பட்டியலில் ஏறிவிடுகின்றன.