சுவரை இடிக்கும் முன் நாங்கள் நாடிய கட்டமைப்புப் பொறியாளர்

கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்துவிட நாங்கள் முடிவு செய்தபோது, ஒப்பந்ததாரர் ஒரே நாளில் இடித்துத் தருவதாகச் சொன்னார். முப்பது ஆண்டுகளைக் கடந்த வீடு என்பதால் தயக்கம் ஏற்பட்டு, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தொழிலில் இருக்கும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்தோம். அவருடைய சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை.

வந்தவர் அந்தச் சுவரைப் பார்க்காமல் நேராக மாடிக்கு ஏறினார். கீழ்ச்சுவருக்கு நேர்மேலே மாடியறையின் சுவர் நிற்பதை அவர் காட்டியபோதுதான் நாங்களே அதைக் கவனித்தோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பத்தடி உயரம் எழும்பினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 1.4 டன் எடை இருக்கும் என்று அங்கேயே கணக்கிட்டுச் சொன்னார். பிறகு கம்பிகளைக் கண்டறியும் கருவியைக் கூரைத்தளத்தின் அடியில் நகர்த்தி, தளத்தின் முதன்மைக் கம்பிகளும் அந்தச் சுவரை நோக்கியே ஓடுகின்றன என்று உறுதிப்படுத்தினார். நாங்கள் வெறும் தடுப்பு என்று நினைத்திருந்தது வீட்டின் பாதிப் பாரத்தைத் தாங்கி நின்ற சுவர்.

காங்கிரீட்டைச் சோதித்த விதத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். பூச்சைச் சிறிதளவு பெயர்த்து, புதிதாக உடைத்த பரப்பில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தார். இளஞ்சிவப்பாக மாறும் பகுதியில் காரத்தன்மை எஞ்சியிருக்கிறது என்றும், நிறம் மாறாத பகுதி கம்பி வரை எட்டிவிட்டால் துருவைத் தடுக்கும் காப்பு போய்விட்டது என்றும் பொறுமையாக விளக்கினார். எங்கள் வீட்டில் 12 மில்லிமீட்டர் ஆழத்திலேயே நிறம் தெரிந்தது. கம்பிகள் 20 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்ததால் காப்பு இன்னும் போகவில்லை. காங்கிரீட்டில் மோதித் துள்ளும் அளவைக் கொண்டு வலிமையை மதிப்பிடும் சுத்தியல் சோதனையையும் செய்தார். ஆனால் பழைய காங்கிரீட்டின் மேற்பரப்பு காலப்போக்கில் இறுகி உண்மையைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டும் என்பதால், அதை மட்டும் நம்பாமல் காங்கிரீட்டின் ஊடே மீயொலி செல்லும் வேகத்தையும் அளந்தார்.

இடைவேளையில் தம் தொழில் வாழ்க்கையைப் பற்றிச் சிறிது பேசினார். தொடக்க காலத்தில் வரைதாளில் மையால் வரைந்து, தூண்களும் உத்தரங்களும் இணைந்த சட்டகங்களின் விசைகளை, அமெரிக்கப் பொறியாளர் ஹார்டி கிராஸ் 1930இல் வெளியிட்ட பகிர்வு முறையில் கையாலேயே கணக்கிட்டவர் அவர். இப்போது மென்பொருளைப் பயன்படுத்தினாலும், அது தரும் விடையைத் தனியாக ஒரு தாளில் சரிபார்த்த பிறகே கையெழுத்திடுகிறார். அந்தத் தாளையும் அறிக்கையுடன் எங்களிடம் தந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சுவருக்குப் பதிலாக இரண்டு எஃகு உத்தரங்களை அவர் வடிவமைத்தார். அவை அமரும் இடத்தில் எஃகுத் தகட்டைச் சற்றுச் சிறிதாக்கலாம் என்று ஒப்பந்ததாரர் கேட்டபோது, குரலை உயர்த்தாமல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி விபத்தை நினைவூட்டினார். 1981இல் அங்கே ஹையாட் ரீஜன்சி விடுதியின் நடைபாலங்கள் சரிந்து 114 பேர் இறந்தனர். மேலிருந்து ஒரே கம்பியாகத் தொங்கியிருக்க வேண்டிய அமைப்பு இரண்டு கம்பிகளாக மாற்றப்பட்டதால், மேல்பாலத்தின் இணைப்பில் பாரம் இரட்டிப்பாகிவிட்டது. பார்வைக்கு அது மிகச் சிறிய மாற்றம்தான். ஒப்பந்ததாரர் பிறகு எதையும் மாற்றக் கேட்கவில்லை.

குறை என்றால், அறிக்கை சொன்ன நாளுக்குப் பத்து நாள் கழித்தே வந்தது. அதன் முதல் பக்கங்கள் சாதாரண வீட்டுக்காரருக்குப் புரியும் மொழியில் இல்லை. கேட்டதும் தொலைபேசியில் ஒரு மணி நேரம் விளக்கினார் என்றாலும், தொடக்கத்திலேயே எளிய சுருக்கம் ஒன்று இருந்திருக்கலாம். அழைப்பவர்கள் பழைய வரைபடங்களைத் தேடி எடுத்துவைத்தால் சோதனைகள் குறையும்.

வேலை முடியும் வரை தளத்தைத் தற்காலிகமாகத் தாங்கிய முட்டுகளை எடுக்கும் நாளில் அவர் மீண்டும் வந்தார். உத்தரத்தின் நடுவே அளவுமானியைப் பொருத்தி, முட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொல்லி, ஒவ்வொரு முறையும் எண்ணைக் குறித்துக்கொண்டார். கணக்கில் 3 மில்லிமீட்டர் தாழும் என்று எழுதியிருந்தார். கடைசி முட்டு விலகியபோது 2 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டி முள் நின்றது. அரை மணி நேரம் காத்திருந்து, முள் நகரவில்லை என்று உறுதியான பிறகே குறிப்பேட்டை மூடினார்.