பெட்டியில் 400 ஆம்பியர், ராடு முனையில் 118: மலிவு வெல்டிங் செட் வாங்கப் போகிறவர்களுக்கு

வீட்டுக்கு ஒரு கேட், மாடிப்படிக்குக் கைப்பிடி, பழைய காரின் துருப்பிடித்த அடித்தகட்டுக்கு ஒட்டு. இந்த மூன்று வேலைக்காக ஒருவர் இணையத்தில் 5,200 ரூபாய்க்கு வாங்கிய இன்வர்ட்டர் வெல்டிங் செட் இது. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘400’. கூடவே ஹோல்டர், எர்த் கிளாம்ப், கை முகமூடி, தூரிகைச் சுத்தியல், பத்து ராடு (உருகி ஒட்டும் வெல்டிங் குச்சி) எல்லாம் இலவசம். இரண்டே நாளில் பிளக் முனை கருகிவிட்டது. விற்றவரைக் கேட்டால், உங்கள் வீட்டு மின்சாரம் சரியில்லை, பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பதில்.

மின்சாரத்தில் ஒரு குறையும் இல்லை. செட்டைத் திறந்து அளந்ததில் தெரிந்ததை அப்படியே எழுதுகிறோம். இதே வகைப் பெட்டிகள் வேறு வேறு பெயர் ஒட்டி வந்துகொண்டே இருக்கின்றன.

குமிழை முழுக்கத் திருப்பினால் திரையில் 400 என்று வருகிறது. டி.சி அளக்கும் கிளாம்ப் மீட்டரை ராடு கேபிளில் மாட்டி 3.15 மி.மீ ராடு எரித்தால் வந்தது 118 ஆம்பியர். அந்தத் திரை மின்னோட்டத்தை அளக்கவே இல்லை. குமிழ் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான் எண்ணாகக் காட்டுகிறது. பாதிக்குத் திருப்பினால் 200 என்று காட்டும், அவ்வளவுதான். மூன்றாவது ராடு பாதி எரியும்போது, சூடேறியதைச் சொல்லும் மஞ்சள் விளக்கு எரிந்து செட் நின்றுவிட்டது. மறுபடி உயிர் வர எட்டு நிமிடம்.

பெட்டியைத் திறக்காமலே இந்தப் பொய்யைப் பிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. ராடு வெல்டிங்கில் ஆர்க் (ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறி) மின்னழுத்தத்தை 20-உடன் ஆம்பியரின் 0.04 பங்கைக் கூட்டிக் கணக்கிடுவது தரநிலை வழக்கம். 400 ஆம்பியருக்கு 36 வோல்ட் வருகிறது. இரண்டையும் பெருக்கினால் 14.4 கிலோவாட். இது ராடு முனையில் வேண்டிய சக்தி. சாதாரண சிங்கிள் ஃபேஸ் இன்வர்ட்டருக்குத் செயல்திறன் 85 சதவீதம், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்னோட்டத்தில் வேலைக்கு ஆகும் பங்கு) 0.7 என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், சுவரிலிருந்து 230 வோல்ட்டில் சுமார் 105 ஆம்பியர் இழுத்தாக வேண்டும். அந்தச் செட்டுடன் வந்ததோ 16 ஆம்பியர் பிளக். வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரே அந்த லோடு தாங்காது.

இதையே திருப்பிப் போட்டால் உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பது கிடைத்துவிடும். 16 ஆம்பியர் சாக்கெட்டில் விடாமல் எடுக்கக்கூடியது ராடு முனையில் ஏறத்தாழ 90 ஆம்பியர். 2.5 மி.மீ ராடுக்கு (கடையில் 12 கேஜ் என்பார்கள்) இது போதும். 3.15 மி.மீ ராடு, அதாவது 10 கேஜ், 100 முதல் 130 வரை கேட்கும். அதற்கு மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ செம்புக் கம்பி இழுத்து, 25 ஆம்பியர் எம்.சி.பி (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்), அதற்கேற்ற தொழிற்சாலை வகை பிளக் போடச் சொல்லுங்கள். வீட்டு வேலைக்கு 4 மி.மீ ராடு தேவையே இல்லை. அதனால் உங்களுக்கு வேண்டியது உண்மையான 160 அல்லது உண்மையான 200. பொய்யான 400 அல்ல.

உண்மையானதா என்று பார்க்கப் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். பின்னாலோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். டியூட்டி சைக்கிள் என்று சதவீதம் போட்டு, அதன் கீழ் ஆம்பியரும் வோல்ட்டும் எழுதியிருக்க வேண்டும். 60% என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அந்த ஆம்பியரில் எரிக்கலாம், நாலு நிமிடம் ஆறவிட வேண்டும். எந்த வெப்பநிலையில் என்பதும் முக்கியம். 40 டிகிரியில் சோதித்தது என்று போட்டிருந்தால் நம் ஊர் வெயிலுக்கு அர்த்தம் உண்டு. 20 டிகிரியில் சோதித்த எண்ணைப் போட்டு விற்பது சித்திரை மாதத்தில் ஒன்றுக்கும் உதவாது. ‘200 ஆம்பியர், 20%’ என்று இருந்தால், நிறுத்தாமல் எரிக்க அதில் கிடைப்பது சுமார் 90 தான். 20%-இன் வர்க்கமூலத்தால் பெருக்கிப் பாருங்கள். மேலே சொன்ன செட்டின் தகட்டில் டியூட்டி சைக்கிள் வரியே இல்லை. தகட்டில் அந்த வரி இல்லாத செட்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

கடையில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு வழி. 5 மி.மீ தகட்டுத் துண்டைக் கையோடு கொண்டுபோய், 110 ஆம்பியரில் வைத்து ஐந்து ராடு தொடர்ந்து எரித்துக் காட்டச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சாதாரண ஏ.சி கிளாம்ப் மீட்டரை உள்ளே போகும் ஃபேஸ் வயரில் மட்டும் மாட்டிப் பாருங்கள். குமிழ் உச்சத்தில் இருக்கும்போது 20, 21 தான் காட்டுகிறது என்றால் வெளியே 120-ஐத் தாண்டாது. மலிவு மீட்டர்கள் இன்வர்ட்டரின் கூர்மையான அலையைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்பதால், எந்த வடிவ அலையையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்.எம்.எஸ் மீட்டராக இருந்தால் நல்லது. எரித்துக் காட்ட மறுக்கிற கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இனி கேபிள். ஏமாற்று வேலை அதிகம் நடப்பது இங்கேதான், யாரும் பார்ப்பதும் இல்லை. அந்தச் செட்டின் ஹோல்டர் கேபிளில் 25 சதுர மி.மீ என்று அச்சடித்திருந்தது. தடிமனைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். உறையை உரித்தால் பாதிக்கு மேல் ரப்பர். உள்ளே செம்பு நிறத்தில் மெல்லிய இழைகள். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் அடியில் வெள்ளை, செம்பு முலாம் பூசிய அலுமினியம். 25 சதுர மி.மீ செம்பு என்றால் உலோகம் மட்டும் மீட்டருக்கு 224 கிராம் இருக்க வேண்டும். இரண்டு மீட்டர் கேபிளில் உரித்த உலோகம் 120 கிராம். 448 இருக்க வேண்டிய இடத்தில் 120! அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல 1.6 மடங்கு. அதில் குறுக்களவும் குறைந்தால் கேபிள் சூடேறும், ஆர்க் பலவீனமாகும், ராடு ஒட்டிக்கொள்ளும். புதிதாகப் பழகுகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். அப்படி மனம் விட்டுப்போய்ச் செட்டைப் பரணில் தூக்கிப் போட்டவர்கள் நிறைய. ஐ.எஸ் 9857 முத்திரையுள்ள செம்புக் கேபிள், 150 ஆம்பியர் வரைக்கும் 16 சதுர மி.மீ, 200 என்றால் 25, தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். எர்த் கிளாம்ப்பும் அப்படியே. தகர கிளாம்ப்பில் மின்னோட்டம் ஸ்பிரிங் வழியே போய் ஸ்பிரிங் சிவந்து தளர்ந்துவிடும். பித்தளை கிளாம்ப் போடுங்கள்.

இலவசமாக வரும் முகமூடியை நம்பாதீர்கள். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறோம். கண்ணாடியில் அது எவ்வளவு இருட்டு என்பதற்கான எண் பொறித்திருக்க வேண்டும். 2.5 ராடுக்கு 10, 3.15-க்கு 11. எண் இல்லாத கறுப்பு பிளாஸ்டிக் வெளிச்சத்தைக் குறைக்கும், புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கண் அந்த நேரம் ஒன்றும் சொல்லாது. ஆறு, எட்டு மணி நேரம் கழித்து நடுராத்திரியில் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரியும். தானாக இருளும் ஹெல்மெட்டுக்கு வசதி இல்லையென்றால், எண் பொறித்த சாதாரண கண்ணாடி போட்ட தலைமுகமூடி போதும். செட்டில் மிச்சம் பிடியுங்கள், கண்ணில் வேண்டாம்.

ராடு விஷயம் சுருக்கமாக: பாக்கெட்டில் 6013 என்று எண் போட்ட வகை, ஐ.எஸ் 814 முத்திரையோடு, முத்திரை உடையாத பாக்கெட். பூச்சு வெடித்திருந்தால் நமுத்துப்போன பழைய சரக்கு.

நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செட்டை மாட்டாதீர்கள். 0.75 சதுர மி.மீ வயரில் பதினைந்து மீட்டர் இழுத்து 20 ஆம்பியர் எடுத்தால் 14 வோல்ட் வழியிலேயே போய்விடும், வயர் மட்டும் 275 வாட் சூட்டை விழுங்கும். சுருட்டி வைத்த நிலையிலேயே பயன்படுத்தினால் உறை உருகி ஒட்டிக்கொள்ளும். பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் பிளக்கைப் பிடுங்கிய கையோடு மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் 320 வோல்ட் நின்றுகொண்டிருக்கும்.

அடுத்து கார். இந்த விளம்பரங்கள் வாங்குபவரை மோசமாக வழி தவறவிடுவது இதில்தான். கார் பாடித் தகடு பெரும்பாலும் 0.7, 0.8 மி.மீ. ராடு செட்டில் அதைப் பத்தவைக்கப் போனால் ஓட்டை விழும், அந்த ஓட்டையை அடைக்கப் போனால் அது இன்னும் பெரிதாகும். டிங்கரிங் வேலைக்கு மிக் செட் (ராடுக்குப் பதில் மெல்லிய கம்பியைத் தானே தள்ளி, வாயு மூட்டத்தில் ஒட்டுவது) வேண்டும். 0.6 அல்லது 0.8 மி.மீ கம்பி, கார்பன் டை ஆக்சைடு அல்லது ஆர்கான் கலவை வாயு, நிமிடத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு லிட்டர். சிலிண்டர் வைப்புத்தொகையும் ரெகுலேட்டர் விலையும் செட்டின் விலையில் சேராது என்பதை முன்பே கணக்கில் வையுங்கள்.

ராடு, மிக், டிக் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் அடித்து ஒட்டுவது) ‘மூன்றும் ஒன்றில்’ என்று விற்கும் செட்டுகளில் இரண்டைப் பாருங்கள். வாயு இல்லாமல் எரியும், உள்ளே பொடி அடைத்த ஃப்ளக்ஸ் கம்பிக்கு டார்ச் (கம்பி வெளிவரும் கைப்பிடி) மைனஸில் இருக்க வேண்டும், வாயுவோடு எரியும் கம்பிக்கு பிளஸ்ஸில். இரண்டுக்கும் மாற்றி மாட்ட வசதி இல்லாத செட் ஒரு வேலையைத்தான் ஒழுங்காகச் செய்யும், இன்னொன்றில் பொறி தெறித்துப் பரவும். அடுத்து, டிக் என்று எழுதியிருந்தாலும் டி.சி மட்டும்தான் என்றால் அலுமினியம் ஒட்டாது. அலுமினிய வேலையும் செய்யலாம் என்று சொல்லி அதை விற்பவர் தெரிந்தே ஏமாற்றுகிறார்.

காரில் கை வைக்கும் முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பை ஒட்டும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில், பெயிண்ட் தேய்த்த தகட்டில் மாட்டுங்கள். பிரேக் கிளீனர் தெளித்து துடைத்த இடத்தில் ஆர்க் அடிக்கவே கூடாது. குளோரின் கலந்த கரைப்பான் ஆவி ஆர்க் வெளிச்சத்தில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். சேஸிஸ், சீட் பெல்ட் பிடிக்கும் இடம் இரண்டையும் பழகின கைக்கு விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் செட்டைத் திறக்காமல் முதலில் படம் எடுங்கள். விளம்பரத்தில் போட்ட ஆம்பியர், தகடு, பிளக்கில் அச்சடித்த 16 ஆம்பியர், மீட்டர் காட்டும் அளவு, நான்கும் தெளிவாக இருக்கட்டும். விற்ற தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை.