மச்சானோடு சண்டை போட மாதம் 6 டாலர்

கொலம்பஸுக்குப் படிக்க வந்த புதிதில் எனக்குத் தெரிந்த ஃபுட்பால், காலால் உதைப்பது மட்டும்தான். 14 வருடம் ஆகிவிட்டது. இப்போது சனிக்கிழமை மதியம் எங்கள் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி அமெரிக்க ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தால் வீட்டில் யாரும் என்னைக் கடைக்கு அனுப்புவதில்லை. மனைவியின் அண்ணன் அட்லாண்டாவில் இருக்கிறார், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். நவம்பர் வந்துவிட்டால் செவ்வாய் இரவு, கோப்பைக்கான நாக்அவுட் சுற்றான பிளேஆஃபுக்குக் கல்லூரி அணிகளைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியின் ரேங்கிங் வெளியான ஐந்தாவது நிமிடம் அவரிடமிருந்து ஃபோன் வரும். "மாப்ளே, பாத்தியா?" என்பார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நான் எதற்கும் பிரயோஜனப்பட மாட்டேன்.

என் அணி பெரிதா, அவர் அணி பெரிதா என்ற இந்தச் சண்டையில் தோற்றுத் தோற்று அலுத்துப்போய்த்தான் 2024 ஆகஸ்டில் அந்த ஆப்புக்குப் பணம் கட்டினேன். பெயர் வேண்டாம், இதே வேலையைச் செய்யும் ஆப்புகள் நாலைந்து இருக்கின்றன, குறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொரு அணிக்கும் பிளேஆஃப் வாய்ப்பு எத்தனை சதவீதம், அதன் ஷெட்யூல் (சீசனில் யார் யாரோடு ஆட வேண்டும் என்ற பட்டியல்) எவ்வளவு கடினம் என்று ரேங்க் போட்டுக் காட்டும். மாதம் 6 டாலர். இரண்டு சீசன் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன்.

முதலில் சதவீதத் திரை. நான்கு அணி பிளேஆஃப் 2024 சீசனில் 12 அணியாக மாறியது. அப்படியானால் எல்லா அணிகளின் வாய்ப்பையும் கூட்டினால் 1200 வர வேண்டும், இல்லையா? நவம்பரில் ஒரு புதன்கிழமை, வேலை நேரத்தில்தான், எக்செல்லில் போட்டுக் கூட்டிப் பார்த்தேன். 1247 வந்தது. இல்லாத அரை அணிக்கு இடம் கொடுத்திருந்தார்கள். எழுதிக் கேட்டதற்கு நன்றி சொல்லி ஒரு பதில் வந்தது. இரண்டு வாரம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் சரியாக 1200. எதைத் திருத்தினோம் என்று எங்கேயும் ஒரு வரி கிடையாது. எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று மிச்சிகன் எங்கள் ஊருக்கே வந்து 13-10 என்று எங்களை அடித்துவிட்டுப் போனது. ஆட்டம் முடிந்து மைதானத்தின் நடுவில் கொடியை நடப் பார்த்து, கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்த நாள். தெருவே இழவு வீடு மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து ஃபோனில் டிங் என்று ஒரு அறிவிப்பு: ஒஹையோ ஸ்டேட்டின் வாய்ப்பு 99-இலிருந்து 97. ஃபோனைத் தூக்கி சோபாவில் எறிந்தேன். அந்த ஆப்புக்கு இதயமே இல்லை என்று மனைவியிடம் புலம்பினேன். "அது சரியாத்தானே சொல்லுது" என்றாள். சரியாகத்தான் சொல்லியிருந்தது. 10 வெற்றி, 2 தோல்வி, அதாவது 10-2 கணக்கோடு எட்டாம் இடத்தில் பிளேஆஃபுக்குள் நுழைந்தோம். டென்னசியை 42-17, ஓரிகனை 41-21 என்று வரிசையாகத் தட்டி, ஜனவரி 20 அன்று நோட்டர் டேமை 34-23 என்று வென்று கோப்பை எங்களுக்கே வந்தது. அதுவும் அட்லாண்டாவில். மச்சான் அன்று ஃபோனை எடுக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ட்ரெங்த் ஆஃப் ஷெட்யூல் என்ற இரண்டாவது திரைதான் எங்கள் வீட்டில் நடக்கும் அத்தனை சண்டைக்கும் எண்ணெய். 2024 நவம்பர் 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நாங்கள் அதுவரை தோல்வியே காணாத இண்டியானாவோடு ஆடி 38-15 என்று ஜெயித்தோம். ஜார்ஜியா அன்றைக்கு யாரோடு ஆடியது? மாசசூசெட்ஸோடு. 59-21. நவம்பர் கடைசியில் இப்படி ஒரு இளைப்பாறும் ஆட்டம் வைத்துக்கொள்வது அவர்களுடைய எஸ்இசி கான்ஃபரன்ஸின் பழக்கம் (கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் அணிகளின் குழு). நாங்கள் எங்கள் கான்ஃபரன்ஸான பிக் டென்னில் ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டம் ஆடுகிறோம், அவர்கள் எட்டோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். 2026 முதல்தான் ஒன்பது. இதைச் சொன்னால் மச்சான் விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பார்: "அலபாமா ஊருக்குப் போனோம், டெக்சஸ் ஊருக்குப் போனோம், ஓல் மிஸ் ஊருக்குப் போனோம், முதல் வாரமே கிளெம்சனை 34-3-னு அடிச்சோம். நீங்க யாரு கூட ஆரம்பிச்சீங்க? ஏக்ரன்! அப்புறம் வெஸ்டர்ன் மிச்சிகன்!" அதற்கு என்னிடம் பதில் கிடையாது. இப்போது சொல்கிறேன், அந்த வருடம் ஜார்ஜியாவின் ஷெட்யூல் எங்களுடையதைவிடக் கடினம்தான். அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அந்தக் கடினத்தை ஆப் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று அதன் விளக்கப் பக்கத்தில் படித்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, அந்த எதிரணிகள் ஆடிய எதிரணிகளின் விகிதத்துக்கு ஒரு பங்கு. பிளேஆஃபுக்கு முன்பிருந்த பிசிஎஸ் என்ற தேர்வு முறையின் காலத்துப் பழைய சூத்திரம். வெளியூர் ஆட்டமா உள்ளூர் ஆட்டமா என்பதே இதற்குள் வராது. அதைவிடப் பெரிய கோளாறு, இது வெறும் சராசரி.

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் அணி நாட்டிலேயே முதல் ஐந்தில் ஒன்று என்று வையுங்கள். ஒரு ஷெட்யூலில் 2-ஆம் ரேங்க் அணியும் 120-ஆம் ரேங்க் அணியும் வருகின்றன. இன்னொன்றில் 60-உம் 62-உம். இரண்டுக்கும் சராசரி 61. ஆப்புக்கு இரண்டும் ஒன்று. ஆனால் முதலாவதில் 2-ஆம் ரேங்கை ஜெயிக்க ஐம்பதுக்கு ஐம்பது, 120-ஐ ஜெயிக்க 99 சதவீதம் என்றால், இரண்டையும் ஜெயிக்கும் வாய்ப்பு பாதிகூட இல்லை. இரண்டாவதில் ஆளுக்கு 90 போட்டால் பெருக்கிப் பார்க்க 81 வருகிறது. பிளேஆஃபுக்குப் போட்டி போடுகிற அணிக்கு எது கஷ்டம் என்பது இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. சுமாரான அணிக்கு இது தலைகீழ்: 120-ஆம் ரேங்க் அணி ஷெட்யூலில் இருந்தால் ஒரு வெற்றியாவது கையில் நிற்கும். ஆக, "யாருக்குக் கஷ்டம்?" என்று கேட்காமல் ஷெட்யூலுக்கு ரேங்க் போடவே முடியாது. ஆப் அதைக் கேட்பதே இல்லை. தடித்த எழுத்தில் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிக்கொண்டு ராத்திரியெல்லாம் மல்லுக்கட்டுகிறோம்.

இந்தக் கோளாறு அம்பலமானது 2024 டிசம்பர் 7 இரவு. ஏசிசி என்ற இன்னொரு கான்ஃபரன்ஸின் இறுதி ஆட்டத்தில் கிளெம்சன் கடைசி விநாடியில் 56 கெஜம் தள்ளியிருந்து பந்தை உதைத்து எஸ்எம்யூவை (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) 34-31 என்று சாய்த்தது. ரேங்கிங்கில் 16-ஆம் இடத்தில் முடித்த கிளெம்சன், கான்ஃபரன்ஸ் சாம்பியன் என்ற உரிமையில் 12-ஆவது அணியாக உள்ளே வந்துவிட்டது. மிச்சம் இருந்த ஒரே இடம் 11-2 எஸ்எம்யூவுக்கா, 9-3 அலபாமாவுக்கா? ஷெட்யூல் கடினத்தை வைத்து ஆப் அலபாமாவுக்கு 60-க்கு மேல் கொடுத்தது. மச்சான் தன் அணி உள்ளே போய்விட்ட நிம்மதியில் அலபாமாவுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். அந்த சீசனில் ஜார்ஜியாவையே வென்ற அணி அது! எஸ்இசி பாசம் அப்படி. மறுநாள் கமிட்டி எஸ்எம்யூவை எடுத்தது. அலபாமா தோற்ற மூன்றில் இரண்டு ஆட்டம், வழக்கமான 12 ஆட்ட சீசனை 6-6 என்று முடித்த வாண்டர்பில்ட்டிடமும் ஓக்லஹோமாவிடமும். கஷ்டமான ஷெட்யூலில் சுலபமான ஆட்டங்களைத் தோற்றவனுக்கு எதற்குச் சலுகை? இப்படி யோசிக்கும் கட்டம் ஆப்பில் எங்கேயும் இல்லை.

2025-இல் கமிட்டி 'ரெகார்ட் ஸ்ட்ரெங்த்' என்று ஒரு புது அளவை சேர்த்துக்கொண்டது. யாரை வென்றாய், யாரிடம் தோற்றாய் என்று ஆட்டம் ஆட்டமாகப் பார்ப்பது. பலமான அணியை வென்றால் கூடுதல் மதிப்பு, நோஞ்சானிடம் தோற்றால் பலத்த அடி. ஆப்பும் பின்னாடியே ஓடி வந்து ஒரு 'ஆட்டவாரி' திரையைச் சேர்த்தது. நான் காசு கொடுத்ததற்கு உருப்படியாகக் கிடைத்தது இது ஒன்றுதான். 12 ஆட்டமும் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பச்சைப் பட்டையோ சிவப்புப் பட்டையோ. சராசரியில் மறைந்துபோனதெல்லாம் இங்கே கண்ணுக்குத் தெரியும். இதைப் பார்த்தபடி பேசினால் சண்டை பாதி நேரத்தில் முடிகிறது.

இதற்கும் பிடிபடாத ஒன்று உண்டு. ஆகஸ்ட் கடைசியில் மயாமி நோட்டர் டேமை 27-24 என்று வென்றது. இரண்டும் 10-2. ஆனால் நவம்பர் முழுக்க ஆப்பிலும் சரி, கமிட்டி ரேங்கிங்கிலும் சரி, நோட்டர் டேம்தான் மேலே. கடைசி ஞாயிற்றுக்கிழமை கமிட்டி இருவரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்து மயாமியை உள்ளே எடுத்தது, நோட்டர் டேம் வெளியே. நேருக்கு நேர் ஜெயித்ததற்கு ஆப்பில் தனிக் கட்டமே கிடையாது. அப்புறம் அந்த மயாமி, காட்டன் போல் என்ற பிளேஆஃப் காலிறுதியில் எங்களையே 24-14 என்று வீட்டுக்கு அனுப்பியது. அன்றைக்கு மச்சானிடமிருந்து ஃபோன் வரவில்லை, மயாமி கடற்கரைப் படம் ஒன்று மட்டும் வந்தது.

வாங்கலாமா? வருடச் சந்தா கட்டாதீர்கள். செப்டம்பரில் இது காட்டும் சதவீதம் கிளி ஜோசியத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. நவம்பர் முதல் செவ்வாய் அன்று மாதச் சந்தா கட்டுங்கள், டிசம்பரில் அணிகளை அறிவிக்கும் ஞாயிறு இரவு நிறுத்திவிடுங்கள். நிறுத்தும் பொத்தான் அமைப்புகளுக்குள் நாலு தட்டு தள்ளி இருக்கிறது. முதல் வருடம் கண்டுபிடிக்க முடியாமல் ஜனவரிக்கும் 6 டாலர் அழுதேன். அதையும் சேர்த்து ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.