மொட்டை மாடி விளக்கு அலங்காரம்: முன்பணம் கொடுப்பதற்கு முன் வேலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியவை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் மொட்டை மாடியிலோ வீட்டு வாசலிலோ சிறிய விழா நடத்தத் திட்டமிட்டு, "கம்மி ரேட்டில் சூப்பராகப் பண்ணித் தருகிறோம்" என்று சொல்பவரிடம் முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள், அதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். என் சித்திக்கு ஒன்றும் ஆகாமல் போனதற்கு மெயின் போர்டில் இருந்த ஒரு சிறிய சாதனம்தான் காரணம்.

அப்பாவின் மணிவிழாவைக் காலையில் கோயிலில் முடித்துக்கொண்டு, மாலையில் உறவினர்களுக்கு மாடியிலேயே சாப்பாடு போடுவதாக இருந்தோம். செப்டம்பர் மாதம் என்பதால் மழைக்குத் தாங்கும் விளக்குகள்தான் வேண்டும் என்று அலங்காரக்காரரிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தோம். வாட்டர்ப்ரூஃப் எல்.இ.டி. சீரியல், மஞ்சள் வெளிச்சம், நான்கு பார் லைட், சாமந்தித் தோரணம், மொத்தம் 12,000 ரூபாய் என்று அவரே வாட்ஸாப்பில் எழுதி அனுப்பினார். முன்பணமாக 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டவர், விழா அன்று மதியம், வேலை முடியும் முன்பே, ஆட்களுக்குக் கூலி தர வேண்டும் என்று மீதியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு, "எல்லாம் முடியட்டும் சார், சேர்த்துத் தர்றேன்" என்றார்.

வந்தவை வீட்டுக்குள் பூஜை அறையில் மாட்டும் சாதாரண சீரியல் செட்டுகள். இரண்டு செட்டுகளை இணைத்த இடத்தில் கம்பியைக் கையால் முறுக்கி, அதன்மேல் இன்சுலேஷன் டேப்புக்குப் பதிலாகக் காகிதம் ஒட்டும் செல்லோ டேப்பைச் சுற்றியிருந்தார்கள். பிளக் கிடையாது, கம்பியின் இரு நுனிகளையும் சீவி, சாக்கெட் துளையில் விட்டு, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியைச் சொருகியிருந்தார்கள். அந்த ஒயரையே மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியில் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். என் தம்பி அதைச் சுட்டிக்காட்டியதற்கு, "வருஷம் பூரா இப்படித்தாங்க கட்றோம், ஒண்ணும் ஆவாது" என்பதுதான் பதில்.

நம் பக்கத்தில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பகலெல்லாம் வெயில் கொளுத்திவிட்டு, சாயங்காலத்தில் திடீரென்று இடியோடு மழை இறங்குவது வழக்கம். அன்றும் அப்படித்தான் இறங்கியது. பெரிய மழைகூட இல்லை. இலை போட்டு முதல் பந்தி உட்கார்ந்த நேரத்தில், கீழே இறங்கப் போன சித்தி கைப்பிடியைத் தொட்டவுடன் அலறினார். அந்த நொடியே வீடு முழுவதும் மின்சாரம் நின்றது. நனைந்த செல்லோ டேப் வழியாக மின்சாரம் இரும்புக்கு இறங்கியிருந்தது.

மின்சாரத்தை நிறுத்தியது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்கிற கசிவுத் தடுப்பான். மெயின் போர்டில் பழைய ஃபியூஸுக்குப் பதிலாக இருக்கும் எம்.சி.பி. சுவிட்ச் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எம்.சி.பி. பல ஆம்பியர் மிகுமின்னோட்டத்துக்கோ ஷார்ட் சர்க்யூட்டுக்கோதான் விழும், அதாவது தானாக அணைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். மனித உடல் வழியாகக் கசியும் மின்சாரம் உயிரைப் பறிக்கப் போதுமானதாக இருந்தாலும், அதை விழவைக்கும் அளவுக்குப் பெரியது அல்ல. ஆகவே மாடியில் விளக்குப் போடுகிறவர்கள் தங்கள் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்து, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

"வாட்டர்ப்ரூஃப்" என்று வாயால் சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை. பெட்டியில் ஐ.பி. என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். ஐ.பி. 20 என்றால் வீட்டுக்குள் மட்டும், ஐ.பி. 44 தூறலையும் தெறிக்கும் நீரையும் தாங்கும், ஐ.பி. 65 குழாயில் பீய்ச்சும் நீரையும் தாங்கும். பட்டைபோல் நீளமாக வரும் ஸ்ட்ரிப் லைட்டைத் தேவையான அளவுக்கு வெட்டிவிட்டால், வெட்டிய முனையில் மூடி போட்டு சிலிக்கான் பூசும் வரை அந்த எண்ணை நம்ப முடியாது. அடாப்டருக்கும் தனியாக எண் உண்டு. விளக்கு நனையலாம் என்பதற்காக அடாப்டரும் நனையலாம் என்று பொருள் இல்லை. ஒயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 694 என்று அச்சிட்டிருக்க வேண்டும். முத்திரை உண்மையானதா என்பதை, அதை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் "பி.ஐ.எஸ். கேர்" செயலியில் உரிம எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

இதனால் செலவைக் குறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குறைக்க இடம் நிறைய இருக்கிறது. ஒயரிலும் இணைப்பிலும் மட்டும் கை வைக்கக் கூடாது. பிறகு வந்த நவராத்திரிக்கு நாங்களே செய்தோம். காலி பெயிண்ட் வாளிகளில் மணல் நிரப்பி, பி.வி.சி. குழாய்களை நட்டு, குழாய்க்குக் குழாய் நைலான் கயிறு இழுத்து, விளக்கின் பாரம் ஒயரில் விழாதபடி கயிற்றிலேயே கட்டினோம். 230 வோல்ட் விளக்கைத் தவிர்த்து 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை வாங்கி, அடாப்டரை மாடி அறைக்குள் வைத்தோம். வெள்ளை வெளிச்சத்தைவிட 3000 கெல்வின் அளவுள்ள மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சிகள் குறைவாக வரும். மழை விட்டதும் ஈசல் கிளம்பிச் சாப்பாட்டில் விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சுற்றுச்சுவர் ஓரமாக மணல் பரப்பிய மண்தட்டுகளில் அகல் விளக்குகள், பழைய பட்டுப் புடவைகளில் பின்திரை, மாவிலைத் தோரணம், பக்கத்துத் தோப்பிலிருந்து கேட்டு வாங்கிய தென்னங்கீற்று ஆகியவற்றோடு அலங்காரம் முடிந்தது. துணிக்கும் அகலுக்கும் இடையே கைக்கெட்டாத தூரம் இருக்கட்டும். தெருக் கம்பத்தில் கொக்கி போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளை அப்போதே அனுப்பிவிடுங்கள். அது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி மின் திருட்டு, உயிருக்கும் ஆபத்து.

எங்கள் அலங்காரக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்ததோடு, "மழை பேஞ்சா நான் இன்னா பண்றது? என் செட்டுதான் புகைஞ்சு போச்சு" என்று நஷ்ட ஈடும் கேட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்த பிறகு 4,000 ரூபாய் மட்டும் வந்திருக்கிறது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தால் போதும். பில் தராமல் இழுத்தடித்தாலும், அவர் அனுப்பிய வாட்ஸாப் செய்தி, பணம் அனுப்பிய யு.பி.ஐ. பதிவு, தீக்குச்சி சொருகிய சாக்கெட்டின் படம் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்கிறோம். இதேபோல் ஏமாந்தவர்களும் ஒயரைக் கழற்றுவதற்கு முன், இணைப்புகளைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் வந்து அவிழ்த்துக்கொண்டு போய்விட்டால் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.